ஆளுக்கொரு ஞாபகம்

எங்கள் வீட்டு ஹாலில் ரொம்ப வருஷமாக ஒரு கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஏமாறாத ஆள் கிடையாது. "என்னக்கா, மணி பன்னெண்டுலயே நிக்கி? பாட்டரி மாத்தலையா?" என்பார்கள். அதில் எண்ணே கிடையாது, ஒற்றை முள்தான், முள்ளுக்கு ஒரு பக்கம் 'மெது', மறுபக்கம் 'வேகம்' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் யார் உற்றுப் பார்க்கிறார்கள்? என் மகனுக்குப் பெண் பேச வந்த இடத்தில் சம்பந்தி அம்மாள், "நின்ன கடிகாரம் வீட்டுக்கு ஆகாது மைனி" என்று புத்திமதி வேறு சொன்னாள். சரி மைனி, சரி மைனி என்று தலையை ஆட்டிவிட்டு அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதைச் சரியாக அடையாளம் கண்டுபிடித்த முதல் ஆள் இயலினி. மின்துறையில் இருந்து வந்திருந்தாள். என் மகளாக இருக்கலாம், அந்த வயசு. செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நேரே சுவருக்குப் போனாள்.

"மேடம், இது சிங்க்ரோஸ்கோப்தானே?"

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போய்விட்டது. "உக்காரும்மா. காபி குடிப்பியா?" என்றேன்.

"வேண்டாம் மேடம், தண்ணி கஷ்டத்துல..."

"தண்ணி கெடக்கு. நீ உக்காரு."

கிடக்கு என்றது பொய். வேம்படித்துறையில் அப்போது தண்ணீர் என்பது கனவில் வருகிற சமாச்சாரமாக இருந்தது. எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் கடலில் இருந்து வருவது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலைக்குக் கரண்டு வேண்டும். கரண்டு வரும், நாலு தடவை கண்ணடிக்கும், போய்விடும். ஆலை ஒவ்வொரு தடவையும் நின்று, திரும்பக் கிளம்புவதற்குள் அடுத்த தடவை நிற்கும். உலகத்தில் பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். மேற்கே ஒருத்தன் கப்பல் போகிற நீரிணையை அடைத்துவிட்டான். கிழக்கே இன்னொருத்தன் எதை அடைத்தான் என்றுதான் எங்களுக்குப் புரியவில்லை.

"வெயிலு மண்டையைப் பொளக்குது. மொட்டை மாடி பூரா சோலார் பலகை. கடலுக்குள்ள காத்தாடி. பாட்டரி அடுக்கக் கிட்டங்கி வேற கட்டி வச்சிருக்கிய. பின்ன கரண்டுக்கு என்னம்மா கேடு?" என்று கேட்டேன்.

"கரண்டு இருக்கு மேடம். தாளம்தான் இல்ல" என்றாள் இயலினி. "எல்லா சோலார் இன்வெர்ட்டர் பெட்டியும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்கணும். அதுக்குப் பொதுவா ஒரு கடிகாரம் வேணும். பெட்டி செஞ்ச நாடு, தன்னோட சாட்டிலைட்ல இருந்து நேரம் அனுப்பிட்டு இருந்தது. சண்டை வந்ததும் நிறுத்திட்டாங்க."

"நமக்குச் சொந்தமா சாட்டிலைட் இல்லையா?"

"இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கிற சில்லு அதைக் கேக்காது. செஞ்சவன் குரலை மட்டும்தான் கேக்கும். அப்படித்தான் எழுதி வச்சிருக்கான்."

"வாங்கும்போது யாருக்கும் கண்ணு தெரியலையா?"

"அவசரத்துல வாங்கினோம் மேடம். கரியை நிறுத்தணும்னு எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரம் தப்பும் இல்ல." காபியை ஒரு வாய் குடித்தாள். "உங்க காலத்துல இந்தத் தொல்லையே கிடையாது. டன் கணக்குல இரும்பு சுத்திக்கிட்டே இருந்தது. மத்ததெல்லாம் அது பின்னாடியே நடந்தது."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த இரும்பைச் சுற்றவிட்டவர்கள் நாங்கள்தான். வேம்படித்துறை அனல்மின் நிலையம், மூன்றாம் யூனிட், கண்ட்ரோல் ரூம் மேஜையில் உட்கார்ந்த முதல் பொம்பிளை நான்.

அந்த மூன்றாம் யூனிட்டைத்தான் திரும்ப ஏற்றச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. முதல் இரண்டு யூனிட்டையும் வெட்டி இரும்புக்குப் போட்டாயிற்று. மூன்றாவது மட்டும் காண்ட்ராக்டர்களின் கோர்ட்டு வழக்கால் தப்பித்து நின்றது.

"தூரத்துல இருந்து பார்த்தா முழுசா இருக்கு மேடம். கிட்டப் போனா அங்கங்க ஒவ்வொண்ணைக் காணோம். ஒரு மீட்டர், ஒரு வால்வுச் சக்கரம், ஒரு கண்ணாடி. திருடன் வேலைன்னும் சொல்ல முடியல. நீட்டா கழட்டி, திருகாணியைத் திரும்ப மாட்டி, துடைச்சு வச்சிருக்காங்க. எந்தத் திருடன் துடைச்சு வைப்பான்?" சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காபி புரையேறிவிட்டது. "திருடன் இல்லம்மா. அது பிரிவுபசாரம்" என்றேன்.

எங்கள் தெர்மலில் ரிட்டையர் ஆகிறவருக்குச் சால்வை, மாலை, குத்துவிளக்கு எல்லாம் கிடையாது. 'பீஸ்' கொடுப்போம். அவர் காலமெல்லாம் கைவைத்த மிஷினில் இருந்து கழித்துப் போட்ட ஒரு சாமானை எடுத்து, பளபளவென்று தேய்த்து, தேக்குப் பலகையில் பதித்து, பேரை வெட்டிக் கொடுப்போம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. "அவருக்கு என்ன பீஸ் போட்டாங்க?" என்பதுதான் கேன்டீனில் முதல் கேள்வி. வெள்ளிக் குத்துவிளக்கைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள், தேய்ந்த பேரிங்கைக் கொடுத்தால் அழுதுகொண்டே வாங்குவார்கள்.

நிலையத்தை மூடின அன்றைக்கு அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பிரிவுபசாரம். கழித்துப் போட்ட சாமான் எங்கே இருக்கிறது? அதையெல்லாம் அதற்கு முன்பே ஏலம் விட்டுவிட்டார்கள். கேன்டீனில் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது டர்பைன் பிரிவு என்ஜினியர் ரொமால்ட் அண்ணன் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ஓடாத மிஷினுக்கு எதுக்குய்யா மீட்டரு? ஆளுக்கொண்ணு எடுத்துக்கிடுங்க. ஆனா அவனவன் கைபட்டதை அவனவன்தான் எடுக்கணும்" என்றார்.

அவ்வளவுதான். கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி வரிசையாகப் போய் எடுத்தோம். தலைமை என்ஜினியரே சைரன் பித்தானைக் கழற்றிக்கொண்டு போனார். நான் சிங்க்ரோஸ்கோப்பை எடுத்தேன். மிஷினும் வெளியே இருக்கிற கரண்டும் ஒன்றாக அடி வைக்கிறதா என்று காட்டுகிற கருவி அது. முள் சுற்றிச் சுற்றி வந்து பன்னிரண்டில் நிற்கிற கணத்தில் சுவிட்சைப் போட வேண்டும். என் வாழ்க்கை முழுக்க அந்த முள்ளைப் பார்த்தே போனது. இனி ஒருத்தன் வந்து இதைத் திரும்ப ஓட்டச் சொல்வான் என்று கனவா கண்டோம்?

மறுநாளில் இருந்து இயலினியின் ஜீப்பில் வீடு வீடாகப் போனோம். கழற்றினவர்கள் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பாய்லர் பிச்சையா வீட்டில், நெருப்பைப் பார்க்கிற ஜன்னலின் கனத்த நீலக் கண்ணாடி சாமி படங்களுக்கு நடுவில் இருந்தது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தி. "அதுக்குள்ள எத்தனை வருசம் ஜோதி பாத்திருக்கேன் ஜெபா" என்றார். கரி அரைக்கிற மில்லில் இருந்தவர் வீட்டில் வால்வுச் சக்கரத்தைத் தூணில் மாட்டியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்துப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தன. எண்ணெய் பம்பின் மீட்டர் கோயம்புத்தூரில் இருந்து பார்சலில் வந்தது, மெத்தை மாதிரி பஞ்சு சுற்றி.

ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை. "ஏத்தும்போது என்னைக் கூப்பிடணும்" என்று மட்டும் கேட்டார்கள். முட்டி தேய்ந்தவர், காது மந்தமானவர், எல்லாருக்கும் முகத்தில் பழைய ஷிப்ட் களை வந்துவிட்டது. ஜீப்பில் உட்கார்ந்து நான் கதையாகப் பொழிந்தேன். சைரன் ஊதினால் எங்கள் குடியிருப்பான கேம்ப் முழுக்கக் குக்கர் வைப்பதையும், கேன்டீனில் ஆயுத பூஜைப் பொரிக்கு நடந்த சண்டையையும், புகைபோக்கி உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தே கட்டுமரக்காரர்கள் கரை திரும்பியதையும் சொன்னேன். இயலினி கேட்டுக்கொண்டே வந்தவள், "சாம்பல் விழுமாமே மேடம்?" என்றாள்.

"விழும்" என்றேன். "கொடியில காயப்போட்ட துணியை ரெண்டு தடவை உதறணும். கோலம் போட்டா மத்தியானத்துக்குள்ள மூடிரும். பழகிப்போச்சு."

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பிச்சையாவின் கண்ணாடியைத் திரும்ப மாட்டி, அதன் வழியாக அந்த நெருப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளை ராட்டினத்துக்கு ஏங்குகிற மாதிரி ஏங்கினேன்.

கடைசியாக மிஞ்சியது ரொமால்ட் அண்ணன் வீடு. அவர் எடுத்தது போல்ட். டர்பைனையும் ஜெனரேட்டரையும் சேர்த்துப் பூட்டுகிற போல்ட்டுகளில் ஒன்று, முழங்கை நீளம், பச்சைப்பிள்ளை கனம். அது இல்லாமல் டர்பைனைப் பூட்ட முடியாது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவே இல்லை. "தர மாட்டேன் ஜெபா. வந்த காலோட போ" என்றார்.

"அண்ணே, ஊருக்குத் தண்ணி இல்ல."

"தெரியும். நானும்தான் குளிக்காம நாறிக்கிட்டுக் கெடக்கேன்."

"தற்காலிகம்தான்னு சொல்லுதாங்க."

"கேம்ப் வாசல்ல தற்காலிக பஸ் ஸ்டாண்டுன்னு ஒண்ணு கட்டுனானே, அதுலதான் நீ புள்ளத்தாச்சியா நின்னே. இப்ப உன் பேரன் அதுல நிக்கான். தற்காலிகமாம்!"

"போல்ட்டு எங்கண்ணே?"

"கடல்ல போட்டுட்டேன்."

பச்சைப் பொய். உள்ளே சுவரில் பலகை தொங்கின இடம் மட்டும் வெளுக்காமல் கட்டமாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் உள்ளே லூர்து இருந்தாள்.

லூர்து அவர் பெண்டாட்டி, என் சிநேகிதி. தெர்மலில் கரி பரிசோதிக்கிற லேபில் கெமிஸ்டாக இருந்தாள். கரியைப் பொடித்துப் பொடித்து அவள் நெஞ்சே கரிமூட்டையாகிவிட்டது. நிலையத்தை மூடின வருஷம் வாசலில் இருந்து கேட் வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். மாதா கோயில் பாடற்குழுவில் முதல் குரல் அவளுடையது, அதை விட்டுவிட்டாள். ராத்திரி அவள் இழுக்கிற இழுப்பு அவர்கள் தெருவுக்கே கேட்கும். புகை நின்றபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். மூச்சுக்கு அடிக்கிற ஸ்ப்ரே குறைந்தது. போன வருஷத் திருவிழாவில் திரும்பப் பாடினாள். "இன்னொரு தடவை சாம்பல் காத்து பட்டா நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போல்ட் கேட்கப் போனேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்டேன். "போல்ட்டு கிடைக்கலைன்னா என்னம்மா ஆகும்?"

இயலினி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "கிடைக்கலைன்னா நல்லது மேடம்."

"என்னது?"

"நமக்கு வேண்டியது நெருப்பு இல்ல. சுத்துற இரும்பு. டர்பைனைப் பூட்டாம ஜெனரேட்டரை மட்டும் தனியா, ஒரு மோட்டாரை வச்சுக் கிளப்பிச் சுத்தவிடலாம். அப்புறம் அதுக்குச் சோலார் கரண்டே கொஞ்சம் கொடுத்தாப் போதும், சுத்திக்கிட்டே இருக்கும். கம்பியில கனமா ஒரு துடிப்பு வந்துட்டா, கடிகாரம் இல்லாத பெட்டியெல்லாம் அதைப் பார்த்து அடி வைக்கும். கரி வேண்டாம். சாம்பல் வேண்டாம்."

"அப்படின்னா மேல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'புகை தெரிஞ்சாதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்'னு சொல்லிட்டாங்க. கரி ரயில் கிளம்பியாச்சு. டர்பைனைப் பூட்ட வழி இருக்கிற வரைக்கும் பூட்டத்தான் சொல்வாங்க. பூட்டி எரிச்சிட்டா சண்டை முடிஞ்சாலும் நிறுத்த மாட்டாங்க மேடம். அடுத்த சண்டைக்கு வேணும்பாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "பின்ன எதுக்குடி என்னைத் தெருத்தெருவா இழுத்தடிச்சே? அத்தனை கெழவனுக்கும் ஆசை காட்டிட்டு, இப்ப நெருப்பு இல்லைங்கியா?"

"மீட்டர், எண்ணெய் வால்வு, உங்க சிங்க்ரோஸ்கோப், இதெல்லாம் எப்படியும் வேணும் மேடம். பொய் சொல்லல."

"எனக்கு நெருப்பு வேணும்" என்றேன். சொன்னபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

அடுத்த நாள் மத்தியானம் வாசலில் லூர்து வந்து நின்றாள். கையில் ஒயர் கூடை, மேலே முருங்கைக்கீரை.

"பிடிட்டி, கை விட்டுப்போச்சு."

கூடையை வாங்கினேன், கை கீழே இழுத்தது. கீரையை விலக்கினால் போல்ட்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு மனுசன். வீட்டுல சோறு பொங்குறது யாருங்கிறதையே மறந்துட்டாரு." சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நேத்து குழாயடியில ஒரு புள்ளைக்காரி. காலிக் குடத்தை வச்சிக்கிட்டு, இடுப்புல புள்ளை, அழுதுக்கிட்டு நிக்கா. பாத்துட்டு வந்து எனக்குக் கஞ்சி இறங்கல. எனக்காக ஊரு தாகத்துல கெடக்கணுமாட்டி? என் மூச்சு என்ன பெரிய மூச்சு?"

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் இருந்து என் வீட்டுக்குக் கேம்ப் முழுக்கக் கடந்து, ஓடைப் பாலம் ஏறி இறங்கி வர வேண்டும்.

"நடந்தா வந்தே?"

"பின்ன பல்லக்குலயா?"

"இதைத் தூக்கிக்கிட்டா? எங்கயும் உக்காரலையா?"

"எதுக்கு உக்காரணும்? பாடிக்கிட்டே வந்தேன், தெரியல."

ஒரு காலத்தில் இவளை நானும் ரொமால்ட் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றியிருக்கிறோம். அந்தச் சாம்பலைத்தான் நான் ஜீப்பில் உட்கார்ந்து "பழகிப்போச்சு" என்று சொன்னேன். எனக்குப் பழகியது, இவளுக்கு எங்கே பழகியது?

"சரிட்டி, நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

"பூட்டிருவியா?"

"அதை உன்ட்ட சொல்ல மாட்டேன். சொன்னா நீ பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட ஒப்பிச்சிருவே. நாங்க சி.எஸ்.ஐ. எங்க பாவத்தை நேரா ஆண்டவர்ட்டயே பேசிக்கிடுவோம்."

"போட்டி கூறுகெட்டவளே" என்று கீரையை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

தலைநகரில் இருந்து பெரிய அதிகாரி வந்து பழைய கண்ட்ரோல் ரூமில் கூட்டம் போட்டார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் ஒயர் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டேன். மேலே தூக்குச்சட்டி, கீழே துண்டில் சுற்றி போல்ட். அதை ஏன் கொண்டு போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசி நிமிஷம் வரை மனசு இரண்டாகத்தான் இருந்தது.

ரொமால்ட் அண்ணன் சுவர் ஓரமாக நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் அரிசிப் பானையில் கைவிட்டுப் பார்த்திருப்பார் போல. அவர் கண் என் கூடையை விட்டு நகரவில்லை.

"எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு கப்ளிங் போல்ட் பாக்கி சார்" என்றாள் இயலினி.

"ஜெபராணி மேடம், நீங்கதானே கலெக்ட் பண்ணீங்க? கிடைச்சுதா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய்லர் இருட்டாக நின்றது. பிச்சையா தன் நீலக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். குனிந்து தூக்குச்சட்டியை நகர்த்தினால் போதும். கரி ரயில் வந்துவிடும், நெருப்பு வந்துவிடும், சைரன்கூட ஊதலாம்.

"கிடைக்கல சார்" என்றேன். "ரொமால்ட் சார் அதைக் கடல்ல போட்டுட்டாரு."

ரொமால்ட் அண்ணன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"புதுசா செய்ய முடியாதா?"

"செய்யலாம் சார். அந்த மிஷினைச் செஞ்ச கம்பெனி இருக்கிற நாடு இப்ப சண்டையில இருக்கு. நம்மளே கடைஞ்சு, சோதிச்சுப் பாத்து மாட்டுறதுக்குள்ள மழைக்காலம் வந்துரும். நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்துறது சார். பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா இந்தக் கூரைக்கடியில ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்."

அதிகாரி இயலினியைப் பார்த்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், நான் ஏற்கெனவே சொன்ன அந்த இன்னொரு வழி..." என்று ஆரம்பித்தாள். முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "புகையே வராதா?"

"வராது சார்."

"என்னமோ பண்ணுங்க. தண்ணி வந்தாச் சரி."

கூட்டம் கலைந்ததும் பிச்சையா என்னிடம் வந்தார். "நெருப்பு இல்லாம என்னம்மா தெர்மலு?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஊருக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் எனக்காகத்தான் அழுதேன். கண்ணாடியைத் துண்டில் சுற்றி அவர் திரும்ப வீட்டுக்கே கொண்டு போனார்.

ஜெனரேட்டரைச் சுற்றிய அன்று காலையில் சிங்க்ரோஸ்கோப்பை அதன் பழைய ஓட்டையில் நானே மாட்டினேன். திருகாணி நாங்கள் விட்டுவைத்த இடத்திலேயே இருந்தது. மோட்டார் இழுக்க இழுக்க ஜெனரேட்டர் முதலில் முனகியது, அப்புறம் மெல்லக் குரல் ஏறியது. பாட்டரிக் கிட்டங்கி கொஞ்ச நேரம்தான் கம்பியை உயிரோடு பிடித்து வைத்திருக்கும், அதற்குள் சேர்க்க வேண்டும். முள் வேகமாகச் சுற்றியது, தளர்ந்தது, தயங்கித் தயங்கிப் பன்னிரண்டை நோக்கி வந்தது. பன்னிரண்டில் நின்றது. அந்தக் கணத்தில் சுவிட்சைப் போட்டேன்.

தரை வழியாகப் பாதத்தில் அந்த 'ம்ம்' ஏறியது. இத்தனை வருஷம் கழித்து அதே 'ம்ம்'. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் கை தட்டவில்லை, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். இயலினி மட்டும் திரையைப் பார்த்து, "பிடிச்சுக்கிச்சு! பெட்டியெல்லாம் பிடிச்சுக்கிச்சு மேடம்!" என்று குதித்தாள்.

வெளியே ஊரே கூடிப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஓடலை போலயே, புகையைக் காணும்?" என்றார்கள். சாயங்காலம் குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்பழுப்பாக, அப்புறம் நல்ல தண்ணீர். அதற்கப்புறம் யாரும் புகையைப் பற்றிக் கேட்கவில்லை. கரி ரயிலைப் பாதி வழியில் வேறு எங்கோ திருப்பிவிட்டார்கள். லூர்து மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டு, "போல்ட்டை என்னட்டி செஞ்சே?" என்று நச்சரித்தாள். "ஆண்டவர்ட்ட கேளு" என்றேன்.

சண்டை முடிந்து, சொந்தச் சில்லு போட்ட பெட்டிகள் வந்தபிறகு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். எங்களுக்கு இரண்டாவது பிரிவுபசாரம். இந்தத் தடவை கறாரான உத்தரவு, ஒரு திருகாணிகூட வெளியே போகக்கூடாது, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்று. வாசலில் நின்ற காவலர் கைப்பையைத் திறந்து பார்த்துத்தான் விட்டார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். கடிகாரம் இல்லாத சுவர் மொட்டையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க என்னவோபோல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரொமால்ட் அண்ணனும் லூர்துவும் வந்தார்கள். லூர்து நேரே அடுப்படிக்குப் போய், "காபி நான் போடுதேன், நீ போட்டா வெந்நி மாதிரி இருக்கும்" என்று குழாயைத் திறந்தாள். ரொமால்ட் அண்ணன் கக்கத்தில் இருந்த பேப்பர் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"சுவரு மொட்டையா கெடக்குன்னு லூர்து சொன்னா."

பிரித்தேன். புதுத் தேக்குப் பலகை. 'த. ஜெபராணி, யூனிட் மூன்று' என்று அவர் கையாலேயே வெட்டியிருந்தார். பேருக்கு மேலே ஒன்றும் இல்லை. இரண்டு பித்தளைக் கொண்டிகள் மட்டும் வெறுமனே இருந்தன, முழங்கை நீள இடைவெளியில்.

"அவனவன் கைபட்டதை அவனவன்தான் எடுக்கணும்னு நான்தானே சொன்னேன்?" என்றார். "அது இனிமே உன்னோடது."

அடுப்படிக்குப் போய், லூர்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். "அடிப்பாவி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கொண்டுவந்து கொண்டியில் வைத்தேன், டக்கென்று உட்கார்ந்தது. ஆணியில் மாட்டிவிட்டு ஆளுக்கொரு நாற்காலியில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். உள்ளே லூர்து பாடிக்கொண்டே காபி ஆற்றினாள். பாட்டில் நீளமான அடி அது. மூச்சு வாங்க அவள் எங்கேயும் நிற்கவில்லை.